எளிமையும் நிலைபேறும்

நம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த பின் எழும் அடுத்த வினா பெரும்பாலும் ஒன்றே. "பையன் செட்டில் ஆகிவிட்டானா?" "பெண் செட்டில் ஆகிவிட்டாளா?" என்பதே அவ்வினா. ஆங்கிலச் சொல்லாயினும் அது நம் வீட்டுத் திண்ணை வரை வந்து அமர்ந்துவிட்டது. நிலையான வேலை, சொந்த வீடு, தக்க இடத்தில் திருமணம் ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் ஒருவர் வாழ்வில் நிலைபெற்றுவிட்டார் என்று கொள்கிறோம். இவற்றை விரும்புவது குற்றமன்று. அறவழியில் பொருளீட்டுவதும் மனையறம் பேணுவதும் இல்லறத்தார்க்குரிய கடமைகளே.

ஆயினும், நிலைபெற்றுவிட்டதாக நாம் கருதுபவரின் உள்ளத்தைச் சற்றே உற்று நோக்கினால் வியப்பே மிஞ்சுகிறது. வேலை கிடைத்தவர் அடுத்த பதவியை எண்ணி உறக்கம் கெடுகிறார். வீடு கட்டியவர் மாடி எழுப்பக் கடன் தேடுகிறார். மகளை மணமுடித்துக் கொடுத்தவர், சம்பந்தி வீட்டார் சொன்ன ஒரு சொல்லைப் பல ஆண்டுகள் மனத்தில் சுமக்கிறார். வாழ்க்கை வசதிகள் நின்றனவே தவிர, மனம் நின்றபாடில்லை. அப்படியாயின் நிலைபெறுதல் என்பது யாது? அதற்கும் எளிமைக்கும் உள்ள தொடர்பு என்ன? இவ்விரண்டையும் நம் ஆகமங்களின் துணைகொண்டு சிறிது ஆராய்வது பயனுடையதாகும்.

வீடில்லாத நிலைபேறு

நம் சமயம் யாரை மிகவும் நிலைபெற்றவர் என்று போற்றுகிறது? வீடில்லாதவரை, ஊர் இல்லாதவரை, உடுக்கும் ஆடையும் துறந்தவரை. திகம்பர முனிவரிடம் உள்ளவை மயிற்பீலி, கமண்டலம், சாஸ்திரம் ஆகிய மூன்றே. முதலாவது உயிர்களைக் காக்க. இரண்டாவது தூய்மையைக் காக்க. மூன்றாவது ஞானத்தைக் காக்க. மயிற்பீலியும் மயில் தானே உதிர்த்த தோகையால் ஆனதே. அவர் நாளைக்கு எங்கிருப்பார் என்று நம்மால் உறுதியாகக் கூற இயலாது. எனினும் மூவுலகும் குலுங்கினும் நிலைகுலையாதவர் என்று அவரையே வணங்குகிறோம்.

இங்கு ஒரு நுட்பம் கருதற்பாலது. முனிவர் ஆண்டின் எட்டு மாதங்கள் ஊர் ஊராக நடக்கிறார். மழைக்காலத்து நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குகிறார். அதனையே சாதுர்மாஸ்யம் என்றும் வர்ஷாயோகம் என்றும் வழங்குகிறோம். நடப்பதற்குக் காரணம், ஓர் இடத்தின்மீதோ அங்குள்ளார்மீதோ பற்று வேரூன்றக் கூடாது என்பது. தங்குவதற்குக் காரணம், மழையில் தோன்றும் புழுபூச்சிகளும் பசும்புல்லும் காலடியில் நசுங்கக் கூடாது என்பது. நடப்பதும் அறத்தின் பொருட்டு. நிற்பதும் அறத்தின் பொருட்டு. ஆதலால் அவருடைய நிலைபேறு இடத்தைச் சார்ந்ததன்று. எந்த நெறி அவரை நடக்கச் செய்கிறதோ அந்த நெறியில் அவர் நிற்கிறார்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குத் தமிழகத்துக் குன்றுகளே சான்று. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்தில், ஒரு துறவிக்காக அமைத்துத்தரப்பட்ட இருக்கையை அங்குள்ள கல்வெட்டு 'அதிட்டானம்' என்று குறிக்கிறது. நிலைகொள்ளும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். கரூரை அடுத்த புகழூர் மலையிலும் இதே சொல் வருகிறது. அங்கே ஓர் இருக்கையை அளித்தவன் கருவூரைச் சேர்ந்த பொன் வாணிகன் ஒருவன். அதே மலையில், சேர இளவரசன் ஒருவன் இளங்கோவாகப் பட்டம் ஏற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவிக்குக் கல் வெட்டிக் கொடுத்த செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது.

பொன் விற்பவன் பொன்னைக் கொடுக்கவில்லை. அரசமகன் அரண்மனையைக் கொடுக்கவில்லை. ஓர் உடல் கிடக்கும் அளவுக்குப் பாறையைச் சமன் செய்து கொடுத்தனர். பெறுபவர்க்கு வேண்டியது அவ்வளவே என்பதைக் கொடுப்பவரும் அறிந்திருந்தனர். கொடுத்தவரின் மாளிகைகளும் பண்டசாலைகளும் எங்கிருந்தன என்று இன்று காட்டுவாரில்லை. துறவி படுத்த கல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

தன்னிடத்தில் நிற்றல்

பொன்னூர் மலையில் திருவடி வணங்கப்பெறும் குந்தகுந்தாசாரியர், தம் சமயசாரத்தின் தொடக்கத்திலேயே உயிரை இருவகை நிலையில் வைத்துக் காட்டுகிறார். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய தன் இயல்பில் நிலைத்து நிற்கும் உயிர் சுவசமயம் எனப்படும். வினைவயப்பட்ட பிற பொருள்களின் நிலைகளிலே ஊன்றி நிற்கும் உயிர் பரசமயம் எனப்படும். எந்த உயிரும் எங்கேனும் ஓரிடத்தில் ஊன்றித்தான் நிற்கிறது. தன் வீட்டில் நிற்கிறதா, பிறர் வீட்டில் நிற்கிறதா என்பதே வினா. பிறர் வீட்டில் எத்தனை ஆண்டுகள் வசதியாக வாழ்ந்தாலும், வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் நாள் ஒன்று உண்டு.

நோய் நீங்கியவரைப் பார்த்து, "உடம்பு சொஸ்தமாயிற்றா?" என்று நம் பாட்டிமார் கேட்பார்கள். 'ஸ்வஸ்தம்' என்னும் வடசொல்லே பேச்சில் சொஸ்தம் ஆயிற்று. தன்னிடத்தில் நிற்றல் என்பது அதன் நேர்ப்பொருள். உடலைப் பற்றிக் கேட்கும் இக்கேள்வி உயிருக்கும் உரியதே. சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், உடைமைகளின்மீது 'எனது' என்னும் எண்ணத்தை விட்ட இல்லறத்தானைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறார். அவன் தன்னிடத்தில் நிற்பவன், உள்ளதில் மகிழ்ந்திருப்பவன். ஆக, எளிமையும் நிலைபேறும் ஒரே மனிதனிடத்துச் சேர்ந்து காணப்படுவன என்பது ஆசாரியர் கருத்தாகிறது.

ஆனால் இவ்விரண்டில் எது முந்தியது? பொருள்களைக் குறைத்தால் மனம் நிலைபெறுமா? மனம் நிலைபெற்றால் பொருள்கள் தாமே குறையுமா? இவ்விடத்தில்தான் நாம் பலகாலும் வழி தவறுகிறோம்.

உடல் அசையாது நின்றாலும் உள்ளம் நிலைபெறுதல் அரிது என்பதைப் பாகுபலியின் வரலாறு காட்டுகிறது. வென்ற நாட்டைத் துறந்து, ஓராண்டுக் காலம் காயோத்சர்க்கத்தில் நின்றார் அவர். கால்களில் கொடிகள் படர்ந்தன. அடிகளின் அருகே புற்றுகள் எழுந்தன. சிரவணபெளகொளாவில் சுமார் 57 அடி உயர்ந்து நிற்கும் திருவுருவத்திலும், நம் கழுகுமலைப் புடைப்புச் சிற்பத்திலும் அக்கொடிகளைக் காண்கிறோம். அவரிடம் துறப்பதற்கு இனிப் பொருள் ஒன்றுமில்லை. எனினும் கேவல ஞானம் தோன்றவில்லை. தம்மால் தமையன் பரதர் மனம் வருந்தினாரே என்னும் மெல்லிய நினைவு உள்ளே எஞ்சியிருந்தது என்கிறது ஆதிபுராணம். அவன் மண்ணில்தானே நிற்கிறோம் என்ற எண்ணம் என்று மக்கள் வழக்கில் கூறுவர். பரதர் வந்து வணங்கிய அளவில் அம்முள் நீங்கியது. எல்லாவற்றையும் விட்டவர்க்கே ஒரு முள் இத்தனை தடையாயின், பெட்டியில் சேலைகளைக் குறைத்துவிட்டு எளிமையடைந்தோம் என்று நாம் எண்ணிக்கொள்வது எத்துணைப் பொருத்தம்?

மூன்றும் ஒன்பதும்

ஆண்டுதோறும் தசலட்சண பர்வத்தில் நாம் போற்றும் பத்து அறங்களின் வரிசையை நினைவு கூர்வோம். பொறுமையும் பணிவும் முதலிரண்டு. மூன்றாவது ஆர்ஜவம். ஒன்பதாவது ஆகிஞ்சன்யம். எளிமை என்று நாம் ஒரே சொல்லால் வழங்குவது உண்மையில் இவ்விரண்டையும் தழுவியது. ஆர்ஜவம் என்பது நேர்மை, மனம், சொல், உடல் மூன்றும் ஒரே கோட்டில் நிற்றல், கோணல் இன்மை. ஆகிஞ்சன்யம் என்பது எனதென்று ஒன்றும் இன்மை. கோணல் நிமிர்ந்த பின்னரே கை வெறுமையாதல் சொல்லப்பட்டிருப்பது நம் கருத்துக்குரியது.

சிராவகர்க்குரிய பதினொரு நிலைகளிலும் இம்முறைமையையே காண்கிறோம். மூன்றாம் நிலை சாமாயிகம். நாள்தோறும் சந்தி வேளைகளில் அமர்ந்து சமநிலையில் ஊன்றுதல். உடைமைகளைத் துறக்கும் பரிக்கிரகத் தியாகமோ ஒன்பதாம் நிலையில்தான் வருகிறது. மூன்றாம் படியில் உட்காரப் பழகியவன், ஒன்பதாம் படியில் விடுவதற்குத் தகுதி பெறுகிறான். பழுத்த கனி காம்பிலிருந்து தானே கழல்கிறது. காயைப் பறித்தால் காம்பில் பால் வடிகிறது. நிலைபெறாத மனத்துடன் பொருள்களை மட்டும் வலிந்து குறைத்தவர், விட்டவற்றையே நினைந்து நினைந்து வாடுவர். அல்லது, 'என்னைப் போல் எளிமையானவர் உண்டோ' என்னும் புதிய உடைமையைத் தேடிக்கொள்வர். அவ்வுடைமைக்கு எடை இல்லை. ஆயினும் அதனை இறக்கி வைப்பது எளிதன்று.

ஒன்பதாம் நிலைக்கு அப்பால் ஆசாரியர்கள் வைத்த பத்தாம் நிலையையும் நம் வீட்டுப் பெரியவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அதற்கு அனுமதித் தியாகம் என்று பெயர். குடும்பக் காரியங்களில் ஒப்புதல் அளிப்பதையும் கருத்துக் கூறுவதையும் விட்டுவிடுதல் அதன் இலக்கணம். வீட்டுச் சாவியை மகனிடமும் மருமகளிடமும் கொடுத்துவிடுகிறோம். நிலத்தைப் பங்கிட்டு எழுதியும் வைக்கிறோம். ஆனால், சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கிருக்க வேண்டும் என்னும் கருத்தை மட்டும் விட முடிவதில்லை. சொத்தை விடுவதைக் காட்டிலும் சொல்லை விடுவது கடினம் என்று அறிந்தே ஆசாரியர்கள் அதனை அடுத்த படியாக வைத்தார்கள் போலும்.

ஏரிக்கரையும் கலங்கலும்

அவ்வாறாயின், ஒன்பதாம் நிலை வரும்வரை இல்லறத்தார் பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையா என்று கேட்கலாம். அங்ஙனம் அன்று. அணுவிரதங்களில் ஐந்தாவது, உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்ளுதல். நிலம், மனை, பொன், தானியம், கால்நடை, ஊர்தி, படுக்கை, ஆடை, பாத்திரம் முதலிய ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு போதும் என்று முன்னதாகவே வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். இங்கு அளவைவிட, முன்னதாக என்பதே முக்கியம். கையில் வந்த பின் அளவு வகுப்பவர், வந்ததையே அளவாக்கிக்கொள்வர்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. ஆகவே இதனை விளக்க வேறோர் உவமை தேவையில்லை. கரையில்லாத இடத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நில்லாது. கரை உயர்ந்து கலங்கல் இல்லாதிருந்தாலோ, ஒரு பெருமழையில் கரையே உடைந்துபோகும். கரை கட்டி, கலங்கலும் வைத்த ஏரியில்தான் நீர் நிற்கும்; மிகுந்தது அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அளவு வகுத்தல் என்பது கரை. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானமே கலங்கல். நிறைந்தும் தளும்பாமல் நிற்கும் நீரைத்தான் நாம் இங்கு நிலைபேறு என்கிறோம்.

இவ்விரதத்திற்கு நேரும் பழுதுகளைக் கூறுமிடத்து, சமந்தபத்திரர் அவற்றை 'விட்சேபம்' என்று சொல்கிறார். சிதறுதல் என்பது அதன் பொருள். ஊர்திகளையும் விலங்குகளையும் அளவுக்கு மீறி ஓட்டுதல், மிகையாகச் சேர்த்து வைத்தல், பிறர் பெற்ற ஆதாயத்தைக் கண்டு வியத்தல், பேராசை, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல் என அவை ஐந்து. இவற்றுள் மூன்றாவதைக் கவனிக்க. தன் பொருள் வரம்பு கடக்கவில்லை; கண்தான் கடந்தது. அவ்வளவிலேயே விரதம் சிதறிவிட்டது என்கிறார் ஆசாரியர். ஒரு வீட்டுத் திருமணத்தின் பந்தலையும் சீர்வரிசையையும் மற்றொரு வீட்டார் செல்பேசிப் படங்களில் கண்டு வியந்து, தம் மகளுக்கும் அதனினும் பெரிதாகச் செய்ய முனைந்து, விளைநிலத்தை விற்கும் நிலை நேருமாயின், அதன் தொடக்கம் அந்த வியப்பே. ஐந்தாவதும் மனிதர்க்குப் பொருந்துவதே. தந்தையின் முதுகிலும் ஒரு பாரம் ஏற்றப்படுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறாதிருத்தல் முறையாகாது.

ஒன்று, எளிமை வேறு, வறுமை வேறு. தத்துவார்த்த சூத்திரம் உடைமைக்கு இலக்கணம் வகுக்கையில் பொருளின் அளவைக் கூறவில்லை. பொருளின்மேல் எழும் மயக்கத்தையே கூறுகிறது. அதனால், இல்லாதவரெல்லாம் துறந்தவர் ஆகார்; உள்ளவரெல்லாம் பற்றுடையவரும் ஆகார். மழை பொய்த்து விளைச்சல் இழந்த உழவரிடம் எளிமையின் பெருமையைப் பேசுவது அறமன்று, கொடுமை. அவருக்குச் செய்ய வேண்டியது உதவி. எளிமை என்னும் உபதேசம் எப்போதும் மிகுதியாக உடையவர் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டியதாகும்.

மற்றொன்று, நம் எளிமையின் பாரத்தைப் பிறர் தோளில் ஏற்றலாகாது. "எனக்கு ஆடம்பரம் எதுவும் வேண்டாம், பொழுது சாய்வதற்குள் சுடுசோறும் ரசமும் போதும்" என்று ஒருவர் பெருமையோடு கூறுகிறார். அச்சோற்றை வடிப்பதற்காக, அலுவலகத்திலிருந்து ஓடோடி வந்து அடுப்படியில் நிற்பவர் அவர் மனைவியோ மருமகளோதாம். உண்பவர்க்கு எளிமை, சமைப்பவர்க்கு ஓயாத பரபரப்பு. முனிவரின் ஆகார முறையை எண்ணிப் பார்க்க. நாளில் ஒருமுறை, நின்றபடியே, இரு கைகளில் ஏந்தி உண்கிறார். இன்னது வேண்டும் என்று கேட்பதில்லை. தாம் மனத்துள் கொண்ட நியமத்திற்கு ஏற்ப அமையாவிடில், எவரையும் நோகாமல் திரும்பிச் செல்கிறார். தம் விரதத்தின் சுமையைத் தாமே சுமக்கிறார். அவரைப் பின்பற்ற விழைவோர் இதனையும் பின்பற்ற வேண்டும். அரிசி களைவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் பங்கேற்க வேண்டும்.

ஒரு முகூர்த்தம்

நிலைபேற்றுக்கு நாள்தோறும் செய்யத்தக்க பயிற்சி சாமாயிகமே. 2 நாழிகை, அஃதாவது 48 நிமிடங்கள் கொண்ட ஒரு முகூர்த்தம் அதற்குரிய கால அளவாக வழங்குகிறது. அந்நேரத்தில் அமர்ந்திருக்கும் சிராவகனைப் பற்றிச் சமந்தபத்திரர் ஓர் அரிய உவமை கூறுகிறார். தவத்தில் இருக்கும் முனிவர்மேல் யாரோ வலிந்து ஆடையைப் போர்த்திவிட்டால் எப்படியோ, அப்படிப்பட்டவனாம் அவன். ஆடை மேலே கிடக்கிறது. ஆயினும் அது அவருடையதன்று. அந்த 48 நிமிடங்களில் நம் வீடும் வேலையும் வங்கிக் கணக்கும் நம்மேல் யாரோ போர்த்திய துணியாகின்றன. எழுந்த பின் மீண்டும் அவற்றை ஏற்கிறோம். ஆனால் அவை போர்வை என்பதை ஒருமுறை உணர்ந்தவர், பின்பு அவற்றைத் தோல் என்று எண்ணி ஏமாறுவதில்லை.

இன்றைய வாழ்வில் இதற்குத் தடை பல. கையருகே செல்பேசி ஒலிக்கிறது. நகரத்தில் ஓர் அறை வீட்டில் தனியிடம் ஏது? மாலைச் சந்தியில் பலர் பேருந்திலும் மின்தொடர்வண்டியிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள். இரவு உணவு நீக்கும் நோன்புக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. கதிரவன் மறைந்த பின்னரே வீடு திரும்புவோர் என் செய்வர்?

நம் ஆசாரியர்கள் இதற்கும் வழி வைத்துள்ளனர். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். கால வரையறையோடு கொள்வது நியமம். நாள்தோறும் இயலாதவர் அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் கொள்ளலாம். ஒரு முகூர்த்தம் இயலாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கிப் பழகலாம். தேசாவகாசிகம் என்னும் விரதத்தில், இத்தனை நாளைக்கு இந்த எல்லையைத் தாண்டமாட்டேன் என்று வீடு, தெரு, வயல், ஆறு ஆகியவற்றையே எல்லையாக வைத்துக்கொள்ளச் சொன்ன நூலார், இயலாததைச் செய்யுமாறு எவரையும் பணித்தாரில்லை. அவர்கள் வேண்டுவது ஆர்ஜவம் ஒன்றே. இயன்றதைக் கொள்க, கொண்டதை மறைவின்றிக் காக்க. ஊரில் பெரியவர்முன் இரவு உண்ணாதவராகவும், நகரத்தில் நண்பர்முன் உண்பவராகவும் இருவேறு வாழ்க்கை வாழ்வதே கோணல். விரதம் உடையவர் முள் நீங்கியவராய் இருத்தல் வேண்டும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் துணிபு. மாயை, பொய்க்காட்சி, பயன் கருதும் ஆசை என்னும் மூன்று முட்களுள் முதலில் நிற்பது வஞ்சகமாகிய மாயையே.

இத்தகைய சிறு நியமமும் வாழ்வை எளிமையாக்கும் விதம் வியத்தற்குரியது. ஒருமுறை உறுதியாக முடிவு செய்தவர்க்கு, அதே காரியத்தை நாள்தோறும் முடிவு செய்யும் தொல்லை இல்லை. உண்ணலாமா, வேண்டாமா, வாங்கலாமா, வேண்டாமா என்று மனம் அங்காடித் தெருவில் அலைவதில்லை. வேலி போட்ட வயலுக்குக் காவல் குறைவு. நிலைபேறும் எளிமையும் ஒன்றையொன்று வளர்ப்பது இங்ஙனமே.

இரண்டு ஆசனங்கள்

இறுதியாக ஒன்று. நிலைபெறுதல் தனியொருவரின் முயற்சியால் மட்டும் ஆவதன்று. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவது ஸ்திதிகரணம். நழுவுகின்றவரை மீண்டும் நெறியில் நிலைநிறுத்துதல். இதற்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் கூறுபவர், மகத மன்னர் சிரேணிகரின் மைந்தர் வாரிஷேண முனிவர்.

வாரிஷேணருக்கு உணவளித்த நண்பர் புஷ்படாலர், அவரை வழியனுப்பச் சிறிது தூரம் உடன் நடந்தார். 'போய் வருக' என்னும் விடைக்காக, தெரிந்த மரங்களைச் சுட்டிக் காட்டியும் அடிக்கடி வணங்கியும் குறிப்புணர்த்தினார். விடை கிடைக்கவில்லை. உடன் சென்றவர் துறவும் ஏற்றார். 12 ஆண்டுகள் முனிவராகவே திரிந்தார். வீடு, மனை, பொருள் அனைத்தும் போயின. மனைவியின் நினைவு மட்டும் போகவில்லை. ஒருநாள் அவர் வீடு திரும்பப் புறப்பட்டதை உணர்ந்த வாரிஷேணர், அவரை இடித்துரைக்கவில்லை. சங்கத்தார்முன் நிறுத்தி நாணச் செய்யவுமில்லை. தம்முடன் அழைத்துக்கொண்டு இராசகிருகத்து அரண்மனைக்குச் சென்றார்.

துறவியான மகன் வாயிலில் நிற்கக் கண்ட அரசி சேலினிக்கு ஐயம் எழுந்தது. நிலை தவறி வந்தானோ? அவள் வாய் திறந்து கேட்கவில்லை. இரண்டு ஆசனங்களை இடச்செய்தாள். ஒன்று இன்ப வாழ்வினர்க்குரியது, மற்றொன்று துறவோர்க்குரியது. வாரிஷேணர் துறவோர் ஆசனத்தில் அமர்ந்தார். தாயின் உள்ளம் குளிர்ந்தது. பின்பு அவர் வேண்டியபடியே அந்தப்புரத்து மனைவியர் 32 பேரும் அணிகலன்களுடன் அங்கு வந்தனர். "இவையனைத்தும், என் இளவரசுரிமையும் இங்குள்ளன; விரும்பின் நீர் ஏற்றுக்கொள்ளலாம்" என்னும் கருத்தில் நண்பரிடம் கூறினார் வாரிஷேணர். இத்தனையையும் விட்டவர் அமைதியாக அமர்ந்திருக்க, தாம் ஒரு நினைவையே விடமாட்டாது தவித்ததை எண்ணிப் புஷ்படாலர் நாணினார். அன்றே அவர் உண்மையில் துறவியானார்.

இவ்வரலாறு நமக்கு மிகவும் வேண்டப்படுவது. நம் இளைஞர் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் நியமங்களை நழுவ விட்டிருக்கலாம். ஊர்த் திருவிழாவுக்கோ, பெற்றோரைக் காணவோ, மேல்சித்தாமூர்த் தேருக்கோ அவர்கள் வரும்போது நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? "இப்போதுதான் கோயில் நினைவு வந்ததா?" என்னும் ஒரு சொல் போதும், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். மாறாக, அவரைக் கண்டு மகிழ்ந்து, அபிஷேகத்திற்கு ஒரு குடம் நீர் எடுத்துவரச் சொன்னால், கால்கள் தாமே பழைய வழியைக் கண்டுகொள்ளும். கண்டிப்பவரின் சொல்லைவிட, நிலைத்து அமர்ந்திருப்பவரின் தோற்றமே நழுவுகிறவரைத் தாங்குகிறது. அதற்கு முதலில் நாம் அமர்ந்திருக்க வேண்டும்.

நம் முன்னோர் குன்றுகளில் கல்லைச் சமன் செய்து வைத்தனர். நம்மால் இயன்றது, வீட்டில் ஒரு மூலையைத் துடைத்து, ஒரு பாயையோ பலகையையோ இட்டு வைத்தல். வருகின்ற சாதுர்மாஸ்யத் தொடக்கத்தில் அதனைச் செய்வோம். முதல் நாள் பத்து நிமிடம் அமர்வோம். பக்கத்தில் மற்றொரு பாயையும் விரித்து வைப்போம். பேரனோ பேத்தியோ, நெடுநாள் வராத மகனோ, என்றேனும் ஒருநாள் வந்து அதில் அமரக்கூடும்.